சந்தனம் வைத்த பல்சக்கரம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், பிழையும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா மந்தைவெளியில் ஒரு மரத்தடியில் சொந்தமாக மெக்கானிக் வேலை தொடங்கிய வருடம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு டாக்ஸிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்.

"பூஜைக்கு மறுநாள் காலைல வண்டி ஓடணும் நைனா. ஓடிச்சுன்னா ஸ்டாண்டுல கீற வண்டியெல்லாம் உன்னாண்டதான்."

இன்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தளர்ந்திருந்தது; அதில் ஒரு பல் தவறினாலும் இன்ஜின் பிடிக்காது. செயினோடு அது ஓடுகிற இரண்டு பல்சக்கரங்களையும் அப்பா கழட்டினார். எந்தப் பல்லுக்கு எந்தப் பல் நேர் என்று காட்டும் புள்ளி அவற்றில் இல்லை, யாரோ முன்பே மாற்றிப் போட்டவை. அதனால் கழட்டுவதற்கு முன் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போனபோது, அம்மா அந்தச் சக்கரங்களை மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவி, ஸ்பானர், சுத்தியலோடு தட்டில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்பா வந்து தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி கீது?" என்றாள் அம்மா.

"நல்லா கீது" என்றார் அப்பா.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. அடுத்த நாள் காலையில் அவசரமாக, குத்துமதிப்பாகத்தான் மாட்டினார். இன்ஜின் இருமியது, புகை கக்கியது, பிடிக்கவில்லை. மறுபடி கழட்டும்போது டாக்ஸிக்காரர் வந்துவிட்டார்.

"இன்னா நைனா, பல்லு எண்ணிக்கினு கீறியா? மார்க் போட்லியா?"

அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், "மறந்துட்டேண்ணா" என்றார்.

"மார்க் போடாம கழட்றவன்லாம் மெக்கானிக்கா?" என்று சொல்லி, கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு கோடு போடக்கூட மறந்துட்டியேயா" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார்.

ஸ்டாண்டிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. அப்பா நந்தனம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றடிக்கப் போனார். கடைசிவரை அதே வேலைதான்.

மறதிதான் அந்த மனுசனைக் கெடுத்தது என்று அம்மா இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். அவர் கோடு போட்டதையும் பார்த்தேன், அம்மா தேய்த்ததையும் பார்த்தேன். ஆனாலும் மறந்துவிட்டேன் என்று அவர் சொன்னதும், அவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்தபோது அப்பா இல்லை. அம்மாவிடம் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

இதை எழுதியது மார்கழி மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.