ஊருணிக்கு முன்னால் போட்ட கரை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலை நடத்துகிறவர்களில், குச்சிமுனை மருந்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். குச்சி அடுக்கும் கூலியாக நுழைந்தேன். இன்று இரண்டு ஆபீஸ், ஒரு தண்ணீர் லாரி, கயத்தாறு போகிற வழியில் எட்டு ஏக்கர் கரிசல். இதையெல்லாம் நான் கேட்காதவர்களிடமும் சொல்வேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

ஒரு தை மாதக் காலையில், என் நிலத்தை ஒட்டிய சாலையில் ஆசிட் டேங்கர் கவிழ்ந்தது. ஓட்டுநரைச் சின்னக் காயத்தோடு மீட்டுவிட்டார்கள். ஆசிட் சாலையோரப் பள்ளத்தில் புகைந்தபடி இறங்கியது. பள்ளம் ஓடையில் சேரும். ஓடை பக்கத்து ஊரின் குடிதண்ணீர்க் குளமான ஊருணியில் சேரும். அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் உப்பு. சோறு பொங்குவது ஊருணித் தண்ணீரில்தான்.

தீப்பெட்டி ஆபீஸில் எங்களுக்கு ஒரே பழக்கம். எது பற்றினாலும், எது சிந்தினாலும் தண்ணீர். வாசலுக்கு வாசல் வாளியில் நிரப்பி வைத்திருப்போம். தரையைக்கூட நனைத்துத்தான் துடைக்க வேண்டும், வறட்டு விளக்குமாறு படக்கூடாது. அதே நினைப்பில் என் தண்ணீர் லாரியை வரவழைத்து, பைப்பைத் திறக்கச் சொன்னேன். தீயணைப்பு வண்டி வருவதற்குள் கழுவித் தள்ளிவிடுவதாகச் சுற்றி நின்றவர்களிடம் சொல்லவும் செய்தேன்.

தண்ணீர் பட்டதும் ஆசிட் கொதித்துத் தெறித்தது. என் லாரிக்காரர் பைப்பைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. நல்லவேளை, உடம்பில் படவில்லை. பைப் கிடந்தபடி ஊற்றிக்கொண்டிருந்தது. அதுவரை பள்ளத்தில் ஊர்ந்த ஆசிட் ஓட ஆரம்பித்தது.

அப்போது தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி தானே போய் லாரியின் வால்வை மூடினார். என்னை வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், வேறு யார் காதிலும் விழாமல் பேசினார்.

“அண்ணாச்சி, நீங்க இதக் கழுவல. ஊருணிக்குப் பாதை போட்டுக் குடுக்குதீங்க.”

மருந்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆசிட் ஓடைப் பக்கம் ஓடுவதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

“மண்ணு வேணும். ஒங்க நெலந்தான் பக்கத்துல கெடக்கு. உளுந்து காயோட நிக்குதே.”

“நிக்கட்டும். வெட்டுங்க.”

ஜேசிபி வந்து வெட்டியது. ஓடைக்கு முன்னால் குறுக்கே கரை போட்டார்கள். அந்த மண்ணில் கிடந்த, சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான்கல் ஆசிட்டில் விழுந்து நுரைத்தது. ஆபீஸுக்கு வெள்ளையடிக்க வாங்கியிருந்த சுண்ணாம்பு மூட்டைகளையும் இறக்கினேன். தீயணைப்புக்காரர்கள் ரப்பர் பூட்ஸும் முகமூடியும் போட்டு, காற்று முதுகில் படும்படி நின்று, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார்கள். ஆசிட் குடித்த மண்ணையெல்லாம் அள்ளி, தார்ப்பாய் கட்டிய லாரியில் ஏற்றும்வரை யாரும் உட்காரவில்லை. சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கரை எழுவதற்குள் கொஞ்சம் ஓடையில் இறங்கியிருந்தது. அது ஊருணியைத் தொட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஊருணிப் படியில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துப் போனார்கள். முடிவு வரும்வரை என் லாரி ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோனது. ஊரார் என்னைக் கும்பிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அதிகாரி நினைத்திருந்தால் அன்றே நடுரோட்டில் என் மானத்தை வாங்கியிருக்கலாம்.

நான்காம் நாள் அவரே போன் செய்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார். முதல் ஆளாக ஒரு கை அள்ளிக் குடிக்க வேண்டும் என்று ஊருணிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா குடத்தோடு படியில் நின்றார்.

“அண்ணாச்சி, ஓரமா நில்லுங்க. தண்ணியக் கலக்காதீங்க.”

நின்றேன். அவர் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துப் படியேறிப் போனார். அதன்பின் அதிகாரியை போனில் கூப்பிட்டேன். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு.

“ஊருணியில தண்ணி எடுக்க ஆரம்பிச்சிட்டாவ, சார்.”