கீரிமலைக்குப் போன லினோலியம்

யாழ்ப்பாணத்தில் அச்சுச் சித்திரக்கலை பிறந்ததும் வளர்ந்ததும் என் வீட்டுத் தரையில்தான். சரி, இதில் முக்கால்வாசி புளுகு. ஆனால் தரையில் ஓட்டை விழுந்தது புளுகல்ல.

என் தம்பி இளையதம்பி சித்திர வாத்தியார். தரைக்கு விரிக்கும் லினோலியத்தைச் செதுக்கி, மை பூசி, கடதாசியில் ஒற்றிப் படம் எடுக்கும் வித்தையைக் கொழும்பில் பழகி வந்தான். வந்த நாள் முதல் ஒரே பித்து. குடைக்கம்பியைத் தீட்டி உளியாக்கினான். கடதாசியை அழுத்தித் தேய்க்கச் சிரட்டை. குடையும் என்னுடையது, சிரட்டையும் என்னுடையது! தலைமை வாத்தியாருக்கோ இதெல்லாம் விளையாட்டு.

"பட்டணத்துக் கண்காட்சியிலை உம்முடைய படம் தொங்கினால் பிள்ளையளுக்கு உந்த வேலையைப் படிப்பியும். இல்லாட்டி பழையபடி மாங்காயும் தண்ணிக் கூசாவும் கீறுவியும்," என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஜப்பான் யுத்தம் தொடங்கிக் கப்பல்கள் நின்றன. கடைகளில் லினோலியம் இல்லை. என் வீட்டு மண்டபத்தில் இருந்தது. மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய என் கணவர் தியாகராசா கொண்டுவந்து விரித்த பச்சை லினோலியம். ஊரே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மிதித்துப் பார்த்தது. அதில் அலுமாரிக்குக் கீழே ஒரு துண்டு காணாமற் போயிற்று.

"அலுமாரிக்குக் கீழை ஆர் அக்கா குனிஞ்சு பாக்கப் போகினம்?"

"நான் பாத்தனான்தானே, மூதேவி!"

அந்தத் துண்டில் ஆடி அமாவாசைக் கீரிமலையைச் செதுக்கினான். கடல், கரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள், முழுகும் சனம். ஒற்றினால் எல்லாம் இடம் வலம் மாறி விழும் என்பதால், அடியில் ஊர்ப் பெயரைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, இடம் வலம் மாற்றி வெட்டினான். ஒற்றி எடுத்தபோது எழுத்து அச்சொட்டாக விழுந்தது. படத்தைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

"இளையதம்பி, உந்த ஆம்பிளையள் எல்லாம் எங்கடை கேணிக்கை என்ன செய்யினம்?"

எழுத்தை மாற்றி வெட்டியவன் காட்சியை மாற்ற மறந்துவிட்டான்! கடலைப் பார்த்து நின்றால் ஆண்கள் கேணி எந்தக் கைப்பக்கம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். இவன் படத்தில் ஆண்கள் கோவணத்தோடு பெண்கள் கேணிக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இதைத் தொங்கவிட்டால் மாங்காய் கீறவும் வேலை இராது.

"திருப்பி வெட்டுறன், அக்கா. இன்னும் ஒரே ஒரு துண்டு..." அவன் கண் மண்டபத்தின் நட்டநடுவில் நின்றது.

"துண்டு எடுத்தாயோ, உன்ரை கையை எடுப்பன்!"

இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் என் கூசாவை முன்னால் வைத்துக்கொண்டு முறைத்தபடி இருந்தான். என்ன செய்வது? பெரிய மனம் பண்ணி நானே நடு மண்டபத்தைக் கொடுத்தேன். ஆண்கள் தங்கள் கேணிக்குத் திரும்பினார்கள். படம் கண்காட்சியில் தொங்கியது. வகுப்பில் மாங்காய் ஒழிந்தது. இன்று எங்கள் வலிகாமப் பகுதியில் லினோலியம் செதுக்கும் பிள்ளைகள் எல்லாரும் என் தரைக்குக் கடன்பட்டவர்கள்.

இவ்வளவையும் எழுதி உரக்க வாசித்தேன். பக்கத்தில் பாக்குச் சீவிக்கொண்டிருந்த இளையதம்பியின் மனைவி பராசக்தி பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"மச்சாள், குடுத்தது நீங்களோ? நீங்கள் மண்டபத்தைப் பூட்டி, திறப்பை முந்தானையிலை முடிஞ்சுகொண்டெல்லோ நல்லூருக்குப் போனனீங்கள். யன்னலாலை உள்ளுக்கை இறங்கி வெட்டித் தந்தது தியாகராசா அண்ணை. ஓட்டைக்கு மேலை சாப்பாட்டு மேசையை இழுத்து வைச்சதும் அவர்தான். மேசை நடுவிலை நிண்டால்தான் வடிவெண்டு நீங்கள் வாறவை போறவைக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."