இரண்டு மாட்யூலுக்கும் கன்னியம்மா

எனக்கு எழுபத்துநான்கு வயது. பெற்றது ஐந்து, இறந்துபோன அக்காவின் பிள்ளைகள் இரண்டு — ஆக, வளர்த்தது ஏழு. வீட்டில் எதற்குப் பெயர் வைப்பதானாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன ஒரு பெயர், போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரை மீனவர் சங்க வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

பெயர் வைத்தது பிள்ளைக்கு அல்ல. கம்ப்யூட்டருக்குள் போடும் ஒரு மாட்யூலுக்கு.

நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்திரிகைப் பத்தியை டைப் செய்பவள் என் பேத்தி பூங்கொடி. பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். காற்று எச்சரிக்கை வந்தால் போட்காரர்களின் போனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் செய்தி அனுப்பும். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் அது அனுப்ப மறுத்தது. நான் அவளுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன்.

"இன்னாடி, கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல ஆயா. உள்ள ஒரு காவல் இருக்குது. எந்த புரோகிராம் எதைத் தொடலாம்னு எழுதி வச்சிருக்கும். எழுதாததைத் தொட்டா விடாது."

இது எனக்கு உடனே புரிந்தது. ஏரியில் எங்களுக்குப் பாடு முறை உண்டு. எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். முறை இல்லாத நாளில் கட்டினால், தலைவர் மகன் வலையாக இருந்தாலும் அவிழ்த்துவிடுவார்கள்.

"அப்ப நம்ம புரோகிராமுக்கும் ஒரு பாடு எழுதிக் குடு."

"அதான் எழுதியிருக்கேன். மாட்யூல்னு சொல்லுவாங்க. மொத வரியில அதுக்கு ஒரு பேர் வைக்கணும். ஃபைலுக்கும் அதே பேர் இருக்கணும். இங்கிலீஷ் எழுத்துல தொடங்கணும், நடுவுல எடம் விடக் கூடாது. இன்னா பேர் வைக்கட்டும்?"

"கன்னியம்மா."

வேறென்ன சொல்வேன்? எங்கள் வீட்டுப் போட்டின் பெயர் அது.

அவள் ஒரு வரி தட்டினாள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

"போட்டாச்சா?"

"திட்டலன்னா போட்டாச்சுனு அர்த்தம் ஆயா."

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். குழம்பு நன்றாக இருந்தால் வாயே திறக்கமாட்டார்.

செய்தி போக ஆரம்பித்தது. சில வாரம் கழித்து, பாடு பட்டியலை பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த புரோகிராமையும் காவல் தடுத்தது. இன்னொரு மாட்யூல் எழுதினாள். மறுபடியும் பெயர் கேட்டாள்.

எங்கள் வீட்டில் மூன்று போட். மூன்றுக்குமே கன்னியம்மாதான். மாமனாரின் கட்டுமரத்துக்கு இருந்த பெயர். புதிதாக எது வாங்கினாலும் அதையே எழுதுவோம். பெயிண்டைப் பார்த்து எது யாருடையது என்று தெரிந்துகொள்வோம்.

"இதுக்கும் கன்னியம்மானே வையி."

"ஒரே பேரா ஆயா?"

"மூணு போட்டு ஒரே பேர்ல ஓடல? ஒண்ணை ஒண்ணு முட்டிக்கினா இருக்குது?"

சிரித்தாள். "சரி, வேற ஃபோல்டர்லதான் எழுதறேன். ஒண்ணும் ஆவாது" என்றாள். போட்டாள். மெஷின் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் அழகாக பிரிண்ட் ஆகி வந்தது.

காற்றுச் செய்தி? காற்றே அடிக்காதபோது அதை யார் பார்ப்பார்கள்...

செவ்வாய்க்கிழமை காலையில் எச்சரிக்கை வந்தது. ஒரு போனுக்கும் செய்தி போகவில்லை. ஒன்பது போட் முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தன. அதில் ஒன்றில் என் இரண்டாவது மகன் ஏழுமலையும் இருந்தான். மதியத்துக்குள் வாடைக்காற்று புரட்டிப்போட்டது. ஆட்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு போட்டின் வலை வரவில்லை.

நனைந்த துணியோடு நேராகச் சங்கத்துக்கு வந்தார்கள். தலைவர் மாசிலாமணி கேட்டார்: "இன்னா பூங்கொடி, எச்சரிக்கை வந்திச்சா, வரலியா?"

"வந்திச்சு மாமா. இங்கேர்ந்துதான் போகல."

"நாங்க போனை மடியில கட்டிக்கினு போறது எதுக்கு? பாட்டு கேக்கவா?" என்றான் வலையை விட்டுவந்த ஒருவன்.

அவள் மாட்யூல்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். கன்னியம்மா ஒரே ஒரு முறைதான் இருந்தது.

"ரெண்டு போட்டேன் மாமா. ஒரே பேர்ல ரெண்டாவது வந்தா அது உக்காந்துக்கும், மொதல்ல இருந்தது போயிடும். ஃபோல்டர் வேறன்னா பரவால்லனு நெனச்சிட்டேன். தப்பு என்னுது."

"ஞாயித்துக்கிழமை சங்கம் கூடும். நீயா, வேற ஆளான்னு அப்ப பேசிக்கலாம்" என்றார் தலைவர்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். பெயர் சொன்னது நான் என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம்தானே? இந்த ஊரில் யாரும் என்னைத் தப்பு என்று சொன்னதில்லை. அந்தப் பழக்கம் வாயைக் கட்டிவிட்டது.

அன்றைக்கே இரண்டையும் புதிதாகப் போட்டாள். இந்த முறை அது அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் — ஒன்று காற்றுச் செய்தி, இன்னொன்று பாடு பட்டியல். போட்டதும் பட்டியலில் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். சோதனைக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அங்கே நின்றவர்களின் மடியிலெல்லாம் போன் அடித்தது. இனி தினமும் காலையில் ஒரு சோதனைச் செய்தி போகுமாம்.

மனிதர்களிடத்தில் ஒரே பெயர் என்றால் சொந்தம். அந்தக் காவலுக்குச் சொந்தபந்தம் தெரியாது. ஒரு பெயருக்கு ஒரு நாற்காலிதான் போடுகிறது.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். "என் பேரை ஏன்டி சொல்லல?"

"தட்டினது என் கைதானே ஆயா."

இந்தப் பத்தி வெள்ளிக்கிழமை வந்துவிடும். தலைவர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர். சங்கம் கூடுவதற்கு முன்னால் அவரும் படிக்கட்டும்: அந்தப் பெயரை இரண்டாவது முறையும் வைக்கச் சொன்னது நான். யோசித்தவளைக் கேலி செய்து வைக்கவைத்ததும் நான்.

இதைச் சொல்லும்போது அவள் விரல் கொஞ்சம் நின்றது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். திரையில் ஓடுகிற எழுத்து பிடிபடாது.

எங்கே பூங்கொடி, முதலிலிருந்து வாசி. என் தப்பைச் சொன்ன அந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று கேட்கிறேன்.