அக்காவுக்கு ஒரே புருஷன்

எனக்கு இரண்டு கல்யாணம். முதல் கணவர் இறந்த பிறகு இப்போதைய கணவரைக் கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தேன். அன்று முதல், நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள், எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வாள்: "எனக்கு ஒரே புருஷன்டி." என் குழம்பில் உப்பு கூடினாலும் அதுதான்.

மஞ்சக்குப்பத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இலவசப் பரிசோதனை முகாம் போட்டார்கள். இருவரும் போனோம். எந்த வயதில் கல்யாணம், எத்தனை பேருடன் உறவு என்று நர்ஸ் கேட்டு எழுதினார். "ரெண்டு" என்று உரக்கவே சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு ஒரே புருஷன். இந்த டெஸ்ட்டு எனக்கெதுக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "பயமில்லேன்னா வந்து படுத்துக் காட்டுக்கா!" என்றேன். ரோஷக்காரி. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத்தான் ஏதோ மாற்றம் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார்கள். ஒரு நொடி உள்ளுக்குள் இனித்தது. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்கமாகிவிட்டது.

கடலூரில் தெரிந்த முகங்கள் ஜாஸ்தி. கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினோம். டாக்டரம்மாவிடம், "நான் ஒரு தப்பும் பண்ணலியே!" என்று அக்கா அழுதாள்.

"தப்புன்னு யாரு சொன்னா? இது உறவுல தொத்துற கிருமி. ஆளு கூடுனா வாய்ப்பு கூடும். அதுக்காக ஒரே ஆளுன்னா வராதுன்னு இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு எப்ப வந்துச்சுன்னு அவருக்கே தெரியாது. இன்னும் புத்துநோயா மாறல. நேரத்தோட வந்துட்டீங்க."

மாறிய இடத்தை அன்றே சூடு வைத்து அழித்தார்கள். திரும்பும்போது, சொன்ன பொய்க்குச் சாட்சியாக பஸ் ஸ்டாண்டுக் கடையில் விபூதிப் பொட்டலம் வாங்கினோம். கடலூர் வரை அவள் என் கையை விடவில்லை.

மறுவருடம் சோதித்தபோது சுத்தமாக இருந்தது. அடுத்த முகாமுக்கு எங்கள் தெருப் பெண்களோடு போனோம். "நாங்கல்லாம் ஒருத்தனுக்கே வாக்கப்பட்டவங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

அக்கா எழுந்து நின்றாள். "எனக்கும் ஒரே புருஷன்தான். எனக்கு வந்துச்சு. இவளுக்கு ரெண்டு கல்யாணம். இவளுக்கு வரல. இவ வாய்க்கொழுப்பாலதான் நான் பொழச்சேன். பேசாம உள்ள போங்கடி!"

ஒவ்வொருத்தியாக எழுந்து வரிசையில் நின்றார்கள். பதினோரு வருடம் என்னைக் குத்திய அதே வாய் என் இரண்டு கல்யாணத்தை ஊரறியப் பெருமையாகச் சொன்னது. அந்த இடத்திலேயே நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.