மல்லாட்டை எண்ணெய் தடவிய துப்பாக்கிக் கட்டை

1996 மார்ச் 4: ஆளிவிதை எண்ணெய், ஒரு கரண்டி.
மார்ச் 11: அரைக் கரண்டி.
மார்ச் 18: கால் கரண்டி.

துப்பாக்கிக் கட்டைகளுக்கு முப்பது வருடமாக மெருகேற்றிவரும் ஜானி பாஷாவுக்காக, அவர் பட்டறையில் கணக்கெழுதும் நான் குறித்துவைத்தது இது. கீழ்பென்னாத்தூர் பரசுராமன் கொண்டுவந்த பயிர்க்காவல் துப்பாக்கியின் மரக்கட்டை விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

“மல்லாட்டை எண்ணெய் தடவுனீங்களா?”

“நம்ம நெலத்து வேர்க்கடலை எண்ணெய் பாய், சுத்தம்.”

“போண்டா சுட சுத்தம்தான். மரத்துல அது காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் காஞ்சு கெட்டியாவும்.”

“வார்னிஷ் அடிச்சுக் குடுத்துடுங்களேன்.”

“பிசுக்கு மேல அடிச்சா உரிஞ்சிடும். மழைக்கு அப்புறமும் கை ஒட்டுச்சுன்னா இந்தத் தொழிலையே விட்டுடறேன்.”

பிசுக்கை டர்பன்டைனால் துடைத்தெடுத்து, வாரம் ஒருமுறை உள்ளங்கையால் எண்ணெய் தேய்த்துக் கொடுத்தார்.

பரசுராமன் எழுதிய முதல் இரண்டு கடிதங்களிலும் மழை இன்னும் விடவில்லை என்றே இருந்தது. கடைசிக் கடிதத்தில், “ஒட்டவில்லை பாய். தம்பியின் கட்டையையும் கொண்டுவருகிறேன்” என்றிருந்தது. அது வந்த நாள் 1996 டிசம்பர் 19.