என் நெஞ்சு போட்ட கோடு

எழுபதுகளின் கடைசியில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தேன். ஈப்போவில் தாதி உதவியாளர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தோட்டத்தையோ துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். இதை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

நாடி பிடித்த டாக்டர் முகத்தைச் சுளித்து, ஈசிஜி எடுக்க அனுப்பினார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டியதும் மூச்சை அடக்கிக்கொண்டேன். காசநோய்க்கு எக்ஸ்ரே எடுக்கத் தோட்டத்துக்கு வேன் வரும்போதெல்லாம் "மூச்ச அடக்கு, அசையாத" என்றுதானே கத்துவார்கள்! முடியாதபோது புஸ்ஸென்று விட்டேன். காகிதத்தில் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழுந்தன. டாக்டர் என் விண்ணப்பப் பாரத்தில் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த மனுஷன்.

வீட்டில் ஒரே அழுகை. "இனிமே ஒன்னும் தூக்காதடி" என்று அம்மா என் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! தினமும் பால் வாளிகளைச் சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறவள் நான். எனக்கா நெஞ்சு கோளாறு? மறுநாளே பஸ் ஏறினேன்.

"திரும்ப எடுங்க டாக்டர். எடுக்காம இங்கேருந்து போக மாட்டேன்."

அவர் முறைத்தார், ஆனால் எடுக்கச் சொன்னார். இந்த முறை ஒயர் ஒட்டிய தாதி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா மூச்ச அடக்குற? இது எக்ஸ்ரே இல்லலா! சும்மா விடு."

விட்டேன். அப்போதும் மூச்சை இழுத்தால் துடிப்பு வேகமானது, விட்டால் மெதுவானது. நிமிடத்துக்கு ஐம்பதுகூட இல்லை. "எனக்கும் மூச்சோட இப்படித்தான் ஏறி இறங்கும் டாக்டர்" என்றார் தாதி. டாக்டர் என்னை மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்க வைத்து, மறுபடி எடுத்தார். துடிப்பு வேகமாக, ஒரே சீராக இருந்தது.

"ஒரு கோளாறும் இல்ல. நல்லா இருக்கிறவங்களுக்கும் இப்படி வரும்" என்று முனகியபடி தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "ஆனா புத்தகத்துல இருக்கிற படம் மாதிரி இல்ல."

"அந்தப் படம் யாரு நெஞ்சு டாக்டர்? விடியறதுக்கு முன்னாடி எழுந்து மரம் சீவப் போன நெஞ்சா?"

தாதி வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் என் பாரத்தைத் தேடியெடுத்து, 'தகுதியில்லை' என்பதில் 'இல்லை'யை மட்டும் அடித்துவிட்டு நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. "அடிச்ச எடத்துல கையெழுத்துப் போடுங்க டாக்டர். நாளைக்கு நானே அடிச்சிட்டேன்னு சொல்வாங்க."

போட்டார்.