தலையைச் சுற்றிய காசு

கண்டக்டர் கொடுத்த சில்லறையில்தான் அது தொடங்கியது. கோவில்பத்திலிருந்து திருநள்ளாற்றுக்கு நான் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த காலம். அங்கே ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. ஒரு காலை, கையில் விழுந்த ஐந்து ரூபாயைப் பைக்குள் போடப் போனவள் நிறுத்திப் பார்த்தேன். வழக்கமாக எண் இருக்கிற பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதரின் முகம் இருந்தது. சுற்றிலும் அவர் பெயர், நூற்றாண்டு என்ற சொல். அந்தக் காசை நான் செலவழிக்கவில்லை.

அதற்குக் கூடுதல் மதிப்பு எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். லட்சக்கணக்கில் அடித்து எல்லா ஊருக்கும் அனுப்பியவை. ஆனால் எதுவும் தீர்ந்துபோவதைத் தாங்க முடியாத சுபாவம் எனக்கு. தீப்பெட்டி, மெழுகுவத்தி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் என் அலமாரியில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். அந்தச் சமயத்தில் எடை குறைந்த புதுக் காசுகள் வர ஆரம்பித்திருந்தன. கனமான பழைய காசுகளை யாரோ மொத்தமாக வாங்கி உருக்கி பிளேடு செய்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து, முகம் போட்ட காசு எது கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பிஸ்கட் டின்னில் போட்டேன்.

இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் டின்னைத் தனதாக்கிக்கொண்டாள். ஒவ்வொரு காசுக்கும் பெயர் வைத்தாள். கண்ணாடித் தாத்தா, தாடித் தாத்தா, தலப்பாத் தாத்தா. ஆண்டுக்குக் கீழே சிலவற்றில் ஒரு புள்ளியும் சிலவற்றில் ஒரு நட்சத்திரமும் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். என் கணவர் டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிளேடு கம்பெனிக்கு எப்ப லோடு ஏத்துறீங்க ரெண்டு பேரும்?" என்பார்.

பஸ் சில்லறையில் எப்போதாவதுதான் கிடைக்கும். தாராளமாகக் கிடைத்தது நளன் குளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கடையில். சனி தொலையக் குளத்தில் முழுகுகிறவர்களுக்கு நல்லெண்ணெய்ப் பாக்கெட்டும் சீயக்காயும் எள்ளும் விற்கிற கடை. அதை நடத்திய பெண் என் வயதுக்காரி. நான் பள்ளியில் வேலை பார்ப்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். எனக்காக முகம் போட்ட காசுகளைத் தனியாக ஒரு மூடியில் போட்டு வைப்பாள். திங்கட்கிழமை நான் நோட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளியில் கூடுதல் வேலை இருந்தது. முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். குளத்திலிருந்து ஒருவர் ஏறி வந்தார். கட்டியிருந்த துணியைப் படியிலேயே விட்டுவிட்டுப் புது வேட்டி உடுத்திக்கொண்டார். பிறகு ஒரு காசை எடுத்துத் தன் தலையை மூன்று முறை சுற்றி, யாசகம் கேட்டு வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் தட்டில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவருக்குப் பின்னால் இன்னொரு குடும்பம்.

சற்று நேரத்தில் அந்தப் பெரியவர் தட்டோடு எழுந்து கடைக்கு வந்தார். கடைக்காரி காசுகளைக் கவிழ்த்து, நோட்டாக எடுத்துக் கொடுத்தாள். குவியலிலிருந்து ஒரு காசைப் பொறுக்கி முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க டீச்சர், உங்க ஆளு வந்துட்டாரு."

"இதெல்லாம் இங்கேருந்தா வருது?" என்றேன்.

"வேற எங்கேருந்து வரும்? எண்ணெ வாங்குறவங்க எல்லாம் நூறு ரூபா நோட்டத்தான நீட்டுறாங்க. சில்லறைக்கு இவங்கதான் எனக்கு பேங்கு."

"தலயச் சுத்திப் போட்ட காசாச்சே. உங்களுக்குப் பயமில்லயா?"

"எனக்கென்னங்க பயம். வாங்குறேன், அடுத்த ஆளுக்கு மீதியா குடுத்துடுறேன். எங்கிட்ட ஒரு ராத்திரி தங்குமா? போறது போய்க்கிட்டே இருந்தா ஒண்ணும் இல்ல டீச்சர்." சிரித்தாள். "நீங்கதான் புடிச்சு உள்ள வச்சிருக்கீங்க."

பெரியவர் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, "அந்தம்மா வூட்ல பெரிய கூட்டமே குந்தியிருக்கும்போல" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காசைப் பைக்குள் போடாமல் பஸ்ஸில் கோவில்பத்து வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

நான் வேதியியல் படித்தவள். செம்பும் நிக்கலும் கலந்த ஒரு வில்லையில் யாருடைய கஷ்டமும் ஒட்டிக்கொண்டு வராது என்று எனக்குத் தெரியும். அன்று மாலை டின்னிலிருந்த காசு முழுவதையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

"ஏம்மா கழுவுற?"

"அழுக்கு."

"எல்லா தாத்தாவும் பளபளன்னு ஆயிட்டாங்க" என்று மகள் ஒவ்வொன்றாகத் துண்டில் துடைத்து அடுக்கினாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் மூட்டு மூட்டாகப் பிடிக்கிற அந்தக் கொசுக்காய்ச்சல் எங்கள் பக்கம் வந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் சுவரைப் பிடித்து நடந்தார். என் மகளால் முதலில் பென்சில் பிடிக்க முடியவில்லை. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. தலைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கண் மேலே போனது. கை கால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் என் மடியில் அவள் தலை ஆடிக்கொண்டே வந்தது. ஆட்டோ ஆட்டத்தில் ஆடுகிறதா, வலிப்பில் ஆடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் டாக்டர், "காய்ச்சல் எல்லாருக்கும் வருது. ஆனா இந்த வயசுல வலிப்பு வரக்கூடாது. மூளைக்குப் போயிருக்கான்னு பாக்கணும். ரெண்டு மூணு நாள் போகட்டும்" என்றார். அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று அவர் சொல்லவில்லை.

மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். அவள் தலையணைக்குப் பக்கத்தில் டின் இருந்தது. காய்ச்சலோடு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். துணி வைத்த பையிலேயே டின்னையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மருத்துவமனைக்குள் நுழைவதற்கு முன் அதை எங்காவது தொலைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் கை நீட்டினாள். டின் மூடியில் கை வைத்துவிட்டேன். அவள் இடுப்பில் குழந்தை இருந்தது. மூடியை அழுத்தி மூடினேன். அரசலாற்றுப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றேன். கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். நான் கொட்டினால் அவர் வலையில்தான் வரும். அங்கிருந்து நடந்து, மருத்துவமனைக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் டின்னை வைத்து, "சில்லறை வேணுமா?" என்றேன்.

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேக்கணுமா? ஒரு ரூபாய்க்கு மிட்டாய் குடுத்துக்கிட்டு இருக்கேன்." உள்பக்கம் திரும்பி, "பாப்பா, அந்தச் சில்லறை டப்பாவ எடுத்தாம்மா" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், "தோ வர்றேம்ப்பா" என்றது.

நான் டின்னை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். "என்னம்மா, கள்ளக் காசா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

வார்டில் என் கணவர் பையைப் பார்த்ததும், "டின்ன எடுத்துட்டு வந்தியா? நல்ல வேள. முழிச்சதுலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கா" என்று நான் தடுப்பதற்குள் எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் சிரித்தாள். வலிப்புக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். விரல் மடங்காததால் உள்ளங்கையால் ஒரு காசைத் தள்ளி எடுத்து கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சில்லுன்னு இருக்கும்மா."

அடுத்து அதை நகர்த்தி நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நெற்றியில் காசு வைத்துக் கிடத்தப்பட்டிருந்தவர்களை நான் எத்தனையோ வீடுகளில் மாலையோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பாய்ந்து அதைப் பிடுங்கினேன். நகம் பட்டு அவள் நெற்றியில் கோடு விழுந்தது. "ஏம்மா புடுங்குற?" என்று அழ ஆரம்பித்தாள். என் கணவர் பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போனார்.

அழுது அவள் தூங்கிப்போனாள். காசு என் கையில் இருந்தது. படித்தவள் என்பதெல்லாம் அப்போது என்னிடம் இல்லை. அவள் தலையை மூன்று முறை சுற்றினேன். சுற்றி முடித்த பிறகுதான் அதை யாரிடமாவது போட வேண்டுமே என்ற நினைப்பு வந்தது.

வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். "குடுங்க. நான் வாங்கிக்கிறேன். இங்க எல்லாரும் எங்கிட்டதான் போடுவாங்க."

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பொண்ணு. ஏன்?"

நான் காசை என் பர்ஸில் போட்டு மூடினேன்.

"அப்ப கழியாதும்மா" என்றார் அவர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் மீதி நாட்களை வார்டில் ஓட்டினேன். இன்னொருத்தி பிள்ளைகளை நினைத்து என் பிள்ளையின் பீடையைக் கழிக்காமல் விட்டுவிட்டேனா? ஒவ்வொரு தடவை அவள் இமை துடிக்கும்போதும், அந்த அம்மா எந்த வார்டில் இருக்கிறார், இப்போது ஓடிப்போய்க் கொடுத்துவிடலாமா என்று கால் பரபரத்தது. பர்ஸைத் திறந்து திறந்து மூடினேன். போகவில்லை.

வலிப்பு திரும்ப வரவில்லை. காய்ச்சல் மெல்ல இறங்கியது. மூளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்து அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது என் முழங்கால் பிடித்தது. சாயங்காலத்துக்குள் உடம்பு கொதித்தது. என் கணவர் பதறினார். நான் பதறவில்லை. ஒவ்வொரு மூட்டாக வலி ஏறியபோது, வர வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் அசந்து தூங்கினேன். கொசுவால் வருகிற காய்ச்சல் என்று எனக்குத் தெரியாதா? தெருவே படுத்திருந்தது. இருந்தாலும் அப்படித்தான் தூங்கினேன்.

காய்ச்சல் விட்ட காலையில்தான் பயம் திரும்பியது. நெற்றி வியர்த்து உடம்பு லேசானதும், என்னை விட்டது எங்கே போயிருக்கும் என்று எழுந்து ஓடி மகளின் கட்டிலைப் பார்த்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், நுரையோடு, "என்னம்மா?" என்றாள்.

அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். எனக்கு மூட்டுவலி தங்கிவிட்டது. குளிர் மாதங்களில் கை விரல் மடங்காமல் எழுந்திருக்கும் காலைகளில் நான் காபி போட்டு நிதானமாகக் குடிக்கிறேன். வலியே இல்லாமல் விழிக்கிற காலைகளில்தான் முகம் கழுவுவதற்கு முன் அவளுக்குப் போன் போடுகிறேன்.

"ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள் தூக்கக் குரலில். "ஒனக்கு இன்னிக்குக் கால் எப்படி இருக்கு?"

வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன்.